செருப்புகளுக்கு நடுவில் ஒரு சிங்கம்

தம்பி,

நலம் விசாரித்துக் கடிதம் தொடங்குவதுதான் முறை. இன்று எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன் குரலே சொன்னது. மெல்பேர்னில் வாங்கிய வீட்டில் குளிர்காயும் அடுப்புக்கு மேலே ஒரு தட்டு வெறுமையாகக் கிடக்கிறதாம். நகரத்துக் கடையொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் மருமகள் மண்ணில் செய்த ஒரு செம்மறிக்கடாவைப் பார்த்தாளாம். உக்ரேன் நாட்டு வேலைப்பாடாம். உன் அலுவலகத்து ஆட்களின் வீடுகளில் இப்போது இப்படித்தான் வைக்கிறார்களாம். "எங்களுக்கு ஒல்கா அன்ரி இருக்கிறாதானே அம்மா. ஒரு கடா செய்து தரச் சொல்லுங்கோ. சிங்கம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அடுத்த மாதம் குடிபூரலுக்கு நான் வந்து பால் காய்ச்ச வேண்டும் என்றும் அதே மூச்சில் கேட்டாய். அதற்குப் பிறகு லைன் தானாக அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அறுபடவில்லை. நான்தான் வைத்தேன்.

கல்யாணமாகிப் போன பிள்ளைக்கு எழுதும் தாய்மார் புத்தி சொல்வார்கள், தாங்கள் விட்ட பிழைகளையும் சொல்லி மனம் இளகுவார்கள். என்னிடமும் பிழைகள் உண்டு. அவற்றை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்றைக்கு உன்னுடைய பிழையைப் பற்றித்தான் பேச்சு. உன் அப்பா, "அவன் சின்னப் பெடியன், விடும்" என்கிறார். கல்யாணம் கட்டி, வீடு வாங்கி, மீசையை மழித்துக்கொண்டு போனவன் எந்தக் கணக்கில் சின்னப் பெடியன் என்று கேட்டேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நாங்கள் கொழும்பை விட்டு இந்த நாட்டுக்கு, இந்தப் பென்டில் ஹில்லுக்கு வந்தபோது அந்த வீதியில் எங்களைப் போல நிறமுள்ளவர்கள் ஒருவரும் இல்லை. கொழும்பில் பெரிய எஞ்சினியராக இருந்த உன் அப்பாவுக்கு இங்கே வரைபடம் கீறும் வேலைதான் கிடைத்தது. எனக்கு ஆசுப்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மாறி மாறி நேரம். பள்ளிக்கூடம் விட்டு வரும் உன்னை எங்கே விடுவது என்று நான் கதவடியில் முழித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்து வேலிக்கு மேலே ஒரு சிவந்த பெரிய முகம் எழுந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், உன்னைக் கையால் கூப்பிட்டது. அதுதான் ஒல்கா. அன்றைக்கு அவள் உனக்கு பீற்றூட் போட்ட ஒரு சூப் தந்தாள். அதில் மாட்டெலும்பு இருக்கிறதா என்று நீ கேட்டாயாம். மறுநாளிலிருந்து எங்களுக்காக எலும்பில்லாமல் தனிப் பானையில் வைத்தாள். நீ அதற்குச் "சிவப்புச் சொதி" என்று பெயர் வைத்தாய். அவளும் அதையே சொல்லத் தொடங்கினாள். இன்றைக்கும் அவளுடைய வாயில் வரும் ஒரே தமிழ் வார்த்தை சொதிதான்.

அவளை நான் பெரிய ஞானியாக்கி எழுதப் போவதில்லை. சண்டைக்காரி. தபால்காரனோடு சண்டை, தன் தேவாலயத்துப் பாட்டுக்குழுவோடு சண்டை, எங்கள் எலுமிச்சையின் கொப்பு வேலி தாண்டினால் என்னோடும் சண்டை. தன் கையால் செய்ததை யாராவது புகழாவிட்டால் முகம் கோணும். புகழ்ந்தால் போதாது என்று இன்னும் கோணும். பகலில் ஓடு செய்யும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, பின்னேரங்களில் கராஜில் சக்கரத்தைச் சுற்றுவாள். அவளுடைய மின்சூளை எரிகிற நாட்களில் எங்கள் குசினி விளக்கும் மங்கும். உன் அப்பா புறுபுறுப்பார். நீ மட்டும் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிவிடுவாய்.

அங்கே என்ன செய்தாள் என்று உனக்குச் சொல்லவும் வேண்டுமா? சிங்கம், கடா, மாடு, ஆடு, பெயர் தெரியாத பறவை. எல்லாம் வயிறு வெறுமையான மிருகங்கள். உடம்பை ஒரு ஜாடிபோலச் சக்கரத்தில் எழுப்பிப் படுக்க வைப்பாள். கால்களைச் சின்னக் கோப்பைகளாகச் செய்து கவிழ்த்து ஒட்டுவாள். முதுகில் ஊற்ற ஒரு கழுத்து, வாயில் வார்க்க ஒரு துளை. தக்காளிச் சோஸ் வரும் பிளாஸ்டிக் போத்தலில் வெள்ளைக் களிமண் கரைசலை நிரப்பி, பிதுக்கிப் பிதுக்கி விலாவில் பூ வரைவாள். மருமகள் பார்த்ததைப் போன்ற கடைகளில் இருப்பவற்றை அவளும் போய்ப் பார்த்திருக்கிறாள். தன் நாட்டிலேயே இப்போது அலுமாரித் தட்டுக்காகத்தான் செய்கிறார்கள், வாயில் துளையே விடுவதில்லை என்று வயிறெரிந்தாள். மிருகம் என்றால் வார்க்க வேண்டும் என்பது அவளுடைய கட்சி. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அதன் வயிற்றில் பானத்தை நிரப்பிக் கொண்டுபோய், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அதன் வாயால் ஊற்றிக் கொடுப்பது அவளுடைய ஊர் வழக்கமாம்.

பிடரி மயிர் எங்கிருந்து வந்தது என்பதும் உனக்குத் தெரியும். முதலில் களிமண்ணைச் சல்லடைத் துணியில் பிதுக்கிச் சுருள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் எங்கள் குசினியில் நான் இடியப்பம் பிழிவதைக் கண்டவள், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி மாவு முடியும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடியப்ப உரலைக் கேட்டாள். கொடுத்தேன். திரும்பி வரவேயில்லை. எனக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொன்று எடுப்பிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவளுடைய மிருகங்களின் தலையில் இருப்பது என் வீட்டு இடியப்பம். அதைச் சொல்லிச் சொல்லி நீதான் எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரித்தாய்.

இன்னொன்றும் நினைவிருக்கும். அவளுடைய தங்கை ஊரிலிருந்து ஒரு மண் சேவலை அனுப்பியிருந்தாள். அழகான சேவல். அடியைத் திருப்பிப் பார்த்தால் அங்குள்ள அரசாங்கத் தொழிற்சாலையின் முத்திரை. தன் குடும்பத்தை நாசமாக்கிய அரசாங்கத்தின் முத்திரை பதித்த சேவல் தன்னைப் பார்க்கக் கூடாது என்று, அதைக் கராஜ் தட்டில் சுவரைப் பார்க்க வைத்தாள். தங்கை அனுப்பியதென்பதால் எறியவும் மனம் வரவில்லை. மாதக்கணக்காக அந்தச் சேவல் வாலை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. பிறகொரு நாள், அதன் கொண்டையை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை பொறுக்க முடியாமல் தானே திருப்பினாள். "எடி, இப்ப முத்திரை அழிஞ்சு போச்சோ?" என்று நான் சீண்டினேன். "முத்திரை அடியில கிடக்கு. முகத்தில இல்லை" என்றாள். அவள் இங்கிலீசில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். ஆகவே, வெறுப்பு என்றால் என்னவென்று ஒல்காவுக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. நீ பிறப்பதற்கு முன்பே அவளைக் கொடிகள் வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கின்றன, ஒன்றல்ல, யுத்தத்தில் மாறி மாறி வந்த இரண்டு கொடிகள்.

இனி உன் கல்யாணத்துக்கு வருகிறேன். ஸ்ட்ராத்ஃபீல்ட் மண்டபத்தில் வாழைமரம் கிடைக்காமல் பச்சைக் கடதாசியில் வெட்டி ஒட்டிய வாழை. ஐயர் கிடைக்காமல் மந்திரம் தெரிந்த ஒரு கணக்காளர் கழுத்துப்பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாலி எடுத்துத் தந்த கல்யாணம். அதையெல்லாம் குறை சொல்லவில்லை. பிறதேசத்தில் அப்படித்தான் நடக்கும். ஆனால் அப்படிப்பட்ட கல்யாணத்தில் உனக்குச் சுத்தம் பார்க்க ஒரு மண் மிருகம்தான் அகப்பட்டது.

நான் மண்டபத்துக் குசினியில் பாயசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒல்கா பூவேலை செய்த தன் வெள்ளைச் சட்டையைப் போட்டு, மிருகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாளாம். கல்யாண வீட்டில் குடிவகை கூடாது என்று நான் சொன்னதற்காக, தன் ஊர் வழக்கத்தை விட்டு, செரிப்பழச் சாறு காய்ச்சி அதன் வயிற்றில் நிரப்பியிருந்தாள். உன் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். உன் நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு, "மச்சான், சிங்கமடா" என்றான். அவ்வளவுதான். "இது எங்கள் எதிரியின் மிருகம், இதை இங்கே வைக்க முடியாது" என்று அவளுக்கு விளங்கும் இங்கிலீசில் நீ சொன்னாய். அவன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் செருப்புகளுக்கு நடுவில் வைத்தான். யாருடைய காலோ தட்டி அது சரிந்தது. சாறு செருப்புகளுக்கு மேலால் ஓடியது. "சிங்கம் மூத்திரம் போயிட்டுது" என்று ஒருவன் சொல்ல நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் தமிழ் அவளுக்கு விளங்கவில்லை. சிரிப்பு விளங்கியது. அவள் தன் கழுத்துச் சால்வையை எடுத்து, எங்கள் விருந்தாளிகளின் செருப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துவிட்டு, மிருகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மாலையோடு நின்ற நீ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு யாரோ வந்து, அந்த வெள்ளைக்கார அன்ரி தலையிடி என்று நேரத்தோடு போய்விட்டா என்றார்கள். நானும் நம்பினேன். நீங்கள் தமிழில் பேசிச் சிரித்ததெல்லாம் பிறகு அங்கே நின்றவர்களை விசாரித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உன் நியாயம் எனக்குத் தெரியும். போன கலவரத்தில் கண்டியில் உன் மாமாவின் வீட்டை எரித்தார்கள். அகதிகளோடு கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்க் காங்கேசன்துறையில் இறக்கியபோது அவன் உடம்பில் இருந்தது யாரோ கொடுத்த சட்டை. எரித்த சிங்களவர்களின் கொடியில் சிங்கம் இருக்கிறது. அதைப் பார்த்தால் உனக்கு இரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும். ஆனால் எரிந்தது என் தம்பியின் வீடு. அவனைத் தோளில் தூக்கித் திரிந்தவள் நான். அந்தக் கோபத்தில் முதல் பங்கு எனக்கு, நீ வாங்குவதென்றால் என்னிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும். நீ என்ன செய்தாய்? கொளுத்தியவர்களிடம் காட்ட முடியாத கோபத்தை, உனக்குச் சோறு போட்டவளிடம் காட்டினாய். அவள் உன்னைத் திருப்பி ஒன்றும் செய்ய மாட்டாள் என்று தெரிந்துதான் காட்டினாய். இதற்கு வீரம் என்று உன் நண்பர்கள் பெயர் வைத்திருக்கலாம். எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

கொடியில் இருப்பது வாள் பிடித்த சிங்கம். ஒல்காவின் சிங்கங்களுக்கு ஒரு பூவைப் பிடிக்கக்கூடத் தெரியாது. அவளுடைய ஊர்க் குயவர்கள் சிங்கத்தைக் கண்ணால் கண்டதில்லையாம். அதனால் அக்கம்பக்கத்து மனிதர்களின் முகத்தை அதற்கு வைத்தார்களாம். நாலு காலும் நிலத்தில், பல்லெல்லாம் வெளியில், உன் பெரியப்பா புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நிற்கும். அப்படி ஒரு சிங்கத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் நீ பெருக்கல் வாய்ப்பாடு பாடமாக்கினாய். அப்போது அது யாருடைய மிருகமாக இருந்தது?

கல்யாணத்துக்கு மறுநாள் பலகாரம் கொண்டுபோனேன். ஒல்கா கதவைத் திறக்கவில்லை. வேலியடியில் நின்று கூப்பிட்டேன், உள்ளே வானொலிச் சத்தம் கூடியது. எலுமிச்சைக் கொப்பு வேலிக்கு மேலால் அவளுடைய பக்கம் வளர்ந்தது. அவள் சண்டைக்கு வரவில்லை. அதைக் கண்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. உன் அப்பாவை வேலிக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் சக்கரத்தில் இருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. நடந்ததை அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முடிவில் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"நீதானே மாடு நல்லது எண்டனீ. உங்கட கோயில் மாடு எண்டு கலண்டரில காட்டினனீ. பிறகேன் தாயும் மகனுமாச் சேர்ந்து என்னைப் பகிடி பண்ணினனீங்கள்?"

ஓம் தம்பி. அது மாடு. கல்யாணத்துக்குச் சிங்கம் செய்யப்போகிறேன் என்று அவள் சொன்னபோது நான்தான் வேண்டாம் என்றேன். உன்னையும் உன் நண்பர்களையும் எனக்குத் தெரியாதா? எங்கள் ஆட்களுக்கு இப்போது சிங்கம் ஆகாது, மாடு செய்து தா என்று, கலண்டரில் இருந்த நந்தியைக் காட்டினேன். வாழ்க்கையில் யாருடைய சொல்லும் கேட்காதவள் எனக்காகக் கேட்டாள். முடியும்வரை காட்ட மாட்டேன் என்று துணியால் மூடியே வைத்திருந்தாள். அன்றைக்குக் கராஜில்தான் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். சூளையில் கொம்பு இரண்டும் இளகிச் சரிந்து காதுகளைப் போலக் கிடந்தன. உடம்பெல்லாம் இடியப்பம். உரல் கையில் கிடைத்த நாளிலிருந்து அவள் கோழிக்குக்கூடப் பிடரி வைக்கிறாள், மாட்டை விடுவாளா? முகம் வழக்கம்போலப் பல்லைக் காட்டிக்கொண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதுகில் திமில் இருக்கிறது. கழுத்தில் மணி இருக்கிறது. கலண்டரைப் பார்த்து, சோஸ் போத்தலால் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடு இழுத்திருக்கிறாள். திருநீறு பூசிய மாட்டைத் தூக்கிச் செருப்புகளுக்கு நடுவில் வைத்தீர்கள். சைவப்பிள்ளைகள், ஒருவனாவது அதன் நெற்றியைப் பார்க்கவில்லை.

நான் அவளைப் பகிடி பண்ணவில்லை என்று சொன்னேன். சத்தியம் பண்ணினேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. தன்னைக்கொண்டு ஒரு மாட்டைச் செய்வித்து, கொண்டுவரச் சொல்லி, எல்லோருமாகச் சிரித்தோம் என்றுதான் இன்றைக்கும் அவளுடைய மனதில் இருக்கிறது. இந்த நாட்டில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள். பரிசோதனைக் கூடத்தில் என்னோடு தேநீர் குடிப்பவர்கள் உண்டு, கோயில் கூட்டத்தில் என் சேலையைப் பார்ப்பவர்கள் உண்டு. கேட்காமல் என் குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். அவளை நீ என்னிடமிருந்து பறித்துவிட்டாய். பறித்துவிட்டு, அடுப்புக்கு மேலே வைக்க ஒரு கடா கேட்கிறாய்.

இதை வாசித்ததும் உனக்கு மூச்சு வந்திருக்கும், எனக்குத் தெரியும். "ஐயோ, நந்தியா?" என்று மருமகளைக் கூப்பிட்டிருப்பாய். தவறு நடந்துவிட்டது, மாட்டைச் சிங்கம் என்று நினைத்துவிட்டோம், அன்ரிக்கு இங்கிலீசில் ஒரு சொறி சொன்னால் முடிந்தது என்று உனக்குத் தோன்றும். அதனால்தான் இவ்வளவு நேரமும் இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நந்தியிடம் மன்னிப்புக் கேட்க எங்கள் ஊரில் எவனும் ஓடி வருவான். உன் பிழை மிருகத்தை மாற்றி நினைத்தது என்று ஒருநாளும் எண்ணாதே. அது அசல் சிங்கமாகவே இருந்திருந்தாலும், ஒல்கா அதை உன் சந்தோஷத்துக்காகச் சுமந்து வந்தாள். நீ அவளை மற்றவர்களின் செருப்புத் துடைக்க வைத்தாய். அதற்குத்தான் நீ வர வேண்டும்.

தொலைபேசி வேண்டாம், பூங்கொத்து அனுப்பவும் வேண்டாம். மருமகளையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறி வா. வந்ததும் எங்கள் வீட்டுக்குள் வராதே, நேரே கராஜுக்குப் போ. அவள் கத்துவாள். கத்தட்டும், அவள் யாரோடாவது சண்டை பிடித்துக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. உள்ளே விடாவிட்டால் வெளியே நில். மழை பெய்தாலும் நில். இங்கிலீசில் அழகாகப் பேசி அவளை மடக்கப் பார்க்காதே. நடந்ததைச் சொல், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். அதற்குப் பிறகு, வேண்டுமானால் அவளையும் கூட்டிக்கொண்டு நான் உன் வீட்டுக்கு வந்து பால் காய்ச்சுகிறேன். காய்ச்சிய பாலை அந்த மிருகத்தின் வாயால்தான் உங்கள் இருவருக்கும் வார்ப்பேன். இதற்குச் சம்மதமில்லை என்றால் பால் காய்ச்ச வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

அது இப்போது அந்தப் பழைய தட்டில், சேவல் நின்ற இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவள்தான் அப்படி வைத்திருக்கிறாள். அன்றைக்கு நான் கையை நீட்டினேன், தொட விடவில்லை. சேவலைத் திருப்பியவள் இதைத் திருப்ப மாட்டாள், நானும் இனித் தொட மாட்டேன். நீ வந்து உன் கையால் திருப்பு. திருப்பும்போது நெற்றியில் இருக்கும் திருநீறு உன் கண்ணில் பட்டால் நல்லது. படாமல், அன்றைக்குப் போலவே உனக்கு அது சிங்கமாகத் தெரிந்தாலும், திருப்பு.

உன் அம்மா